ஒன்றின் கீழ் மூன்று சுழி

செல்லாக் காசு என்பது தமிழில் ஒரு வசைச்சொல். எதற்கும் உதவாத மனிதனையும் மதிப்பிழந்த பேச்சையும் அச்சொல்லால் சுட்டுகிறோம். ஆயினும் கடைத்தெருவில் செல்லாது போன காசையே கருத்தோடு தேடித் திரிகின்றவர்களும் உலகில் இருக்கின்றனர். அந்தக் காசு பிழையாக அடிக்கப்பட்டதாக இருந்துவிட்டாலோ, அவர்கள் அடையும் ஆனந்தத்துக்கு அளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்கிய சில்லறைக் காசுகளின் அரிய பேதங்களைச் சேகரிப்போர் இவ்வகையினர்.

இது வேலையற்றவர்களின் வீண்பொழுது என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒரு செப்புக் காசைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு தேசத்தின் இளமைப் பருவமே கண்முன் தோன்றும். அன்றியும், மனிதனுடைய அறிவு எவ்வளவு உயரும், அவனுடைய நேர்மை எவ்வளவு தாழும் என்பதையும் இக்காசுகள் காட்டியிருக்கின்றன.

சுதந்திர நாட்டின் சில்லறை

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் ஆட்சியை உதறிச் சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776-ஆம் ஆண்டில். ஆனால் அந்நாட்டு மக்களின் மடியில் கிடந்த பணம் அதன் பின்னரும் நெடுங்காலம் ஸ்பெயின் தேசத்து வெள்ளியாகவே இருந்தது. 1792 ஏப்ரல் 2-ஆம் தேதி நிறைவேறிய சட்டத்தினால்தான் பிலடெல்பியா நகரில் சொந்த நாணயசாலை ஏற்பட்டது. வான சாஸ்திரியான டேவிட் ரிட்டன்ஹவுஸ் அதன் முதல் தலைவரானார். ஒரு டாலருக்கு நூறு ஸெண்ட் என்ற தசாம்சக் கணக்கு வகுக்கப்பட்டது. ஸெண்டும் அரை ஸெண்டும் செம்பிலும், பத்து ஸெண்ட் மதிப்புள்ள டைமும் ஐந்து ஸெண்ட் மதிப்புள்ள அரை டைமும் வெள்ளியிலும் அடிக்கப்பெற்றன.

அக்காசில் யாருடைய முகத்தைப் பொறிப்பது என்று சட்டசபையில் விவாதம் எழுந்தது. ஜனாதிபதியின் தலை இடம் பெற வேண்டும் என்றது செனட் சபை. அரசர்களை ஒழித்துவிட்டு அரசர் வழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வதா என்று எதிர்த்தது பிரதிநிதி சபை. முடிவில் சுதந்திர தேவியின் உருவமே நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் புழங்கிய அமெரிக்க நாணயங்களில் எந்த ஜனாதிபதியின் முகமும் இல்லாததற்குக் காரணம் இந்த மரபுதான்.

அந்நாளைய ஸெண்ட் இன்று நாம் அறிந்த சிறு காசு அன்று. 168 கிரெயின் எடை, அதாவது ஒரு தோலாவுக்குச் சற்றே குறைவு. விக்டோரியா ராணி தலை பதித்த நம் பழைய வெள்ளி ரூபாயை நெருங்கிய அகலம். அரை ஸெண்ட் அதில் பாதி எடை. அரை ஸெண்ட் எதற்கு என்று கேட்கலாம். டாலரின் எட்டில் ஒரு பங்கான ஸ்பானிஷ் ரியால் அப்போது எங்கும் செலாவணியில் இருந்தது. அதன் மதிப்புப் பன்னிரண்டரை ஸெண்ட். அந்த அரைக்குக் கணக்குத் தீர்க்கவே இக்காசு வேண்டியிருந்தது.

இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. பிலடெல்பியா சாலைக்குத் தேவையான செப்பு வில்லைகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து, மாத்யூ போல்டன் என்பாருடைய ஸோஹோ தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதே போல்டனுடைய சாலையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1803-ஆம் ஆண்டிலும் 1808-ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்துக்கென்று இருபது காசு, பத்துக் காசு நாணயங்களை அடிப்பித்தனர். அவற்றை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரத்திலேயே மணல்திட்டில் மோதி மூழ்கியது. ஒரே ஊரிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது வெறும் வில்லை. அதில் அந்நாட்டார் தங்கள் சுதந்திர தேவியைத் தாங்களே பொறித்துக்கொண்டனர். நமக்கு வந்ததோ கம்பெனியின் சின்னம் பொறித்து முடிந்த காசு. சுதந்திரம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சரித்திரப் பாடம் நாம் கண்டதில்லை.

ஆனாலும் செம்புக்காகப் பிறரை நம்பியிருந்ததன் தீங்கை அமெரிக்கரும் அனுபவித்தனர். 1812-இல் பிரிட்டனோடு யுத்தம் மூண்டது. வில்லை வருவது நின்றது. கைவசம் இருந்தது 1814-உடன் தீர்ந்தது. 1793 முதல் 1857 வரை ஆண்டுதோறும் வெளிவந்த பெரிய ஸெண்டில் 1815 என்ற ஆண்டு பொறித்த காசு மட்டும் கிடையாது. யாரேனும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் அது போலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பேதம் எவ்வாறு பிறக்கிறது?

ஒரே ஆண்டில், ஒரே சாலையில் அடித்த காசுகளுக்குள் பேதம் எங்கிருந்து வந்தது? விடை அச்சில் இருக்கிறது. காசு அடிப்பதற்கு முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு எஃகு அச்சுக்கள் வேண்டும். அந்நாளில் ஒவ்வோர் எழுத்தையும், எண்ணையும், இலைக்காம்பையும் அச்சு செதுக்குவோர் தனித்தனிப் பொறிகளைக் கொண்டு கையாலேயே தட்டி இறக்கினர். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பித் தட்ட வேண்டும். ஆகவே எந்த இரண்டு அச்சும் முற்றிலும் ஒத்திருக்க இயலாது. ஓர் அச்சில் ஆண்டின் கடைசி எண் சற்றே சாய்ந்திருக்கும். மற்றொன்றில் ஓர் இலை எழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எஃகைப் பதப்படுத்தும் வித்தையும் அப்போது பூரணம் பெறவில்லை. சில அச்சுக்கள் சில ஆயிரம் காசுகளுக்குள் விரிசல் கண்டன. எனினும் அவற்றை எளிதில் கழித்துவிட மாட்டார்கள். ஓடுமட்டும் ஓடட்டும் என்று அடித்துக்கொண்டே போவார்கள். முன் அச்சு உடைந்தால் பின் அச்சுக்கு வேறொரு ஜோடி சேர்ப்பார்கள். இவ்வாறு இரண்டு அச்சுக்கள் கூடுவதைச் சேகரிப்போர் ‘கலியாணம்’ என்றே அழைக்கின்றனர். ஒரு கலியாணத்துக்கு ஒரு பேதம். அவற்றுள் நூறாயிரம் காசு ஈன்றதும் உண்டு. சில நூறோடு முறிந்ததும் உண்டு. விரிசல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் கொண்டு எந்தக் காசு முன்னது, எது பின்னது என்றுகூடச் சொல்லிவிடுகின்றனர். 1836-இல் பிலடெல்பியாவில் நீராவி யந்திரம் வந்து, அச்சு செய்யும் முறையும் நாளடைவில் திருந்திய பிறகு இத்தகைய பேதங்கள் அருகின, முற்றிலும் மறையவில்லை.

புகழ் பெற்ற பிழைகள்

பிழைகளுக்குள் பட்டத்து யானை 1801-ஆம் ஆண்டு ஸெண்ட் ஒன்று. அக்காலத்து ஸெண்டின் பின்பக்கத்தில், டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதைக் காட்ட, ஒன்றின் கீழ் நூறு என்ற பின்னம் பொறித்திருப்பார்கள். இந்தக் காசில் ஒன்றின் கீழ் மூன்று சுழி இருக்கிறது! ஒன்றைச் சுழியால் வகுத்தால் என்ன வரும் என்று எந்தக் கணக்கு உபாத்தியாயரைக் கேட்டாலும் கையை விரிப்பார். ஐக்கிய நாட்டு நாணயசாலையோ அதைச் செம்பில் அடித்து ஊரெங்கும் உலவவிட்டது. அத்துடன் நின்றதா? மாலையின் இரண்டு காம்புகளில் ஒன்றைக் காணோம். நாட்டின் பெயரில் ‘யு’ எழுத்து, இரண்டு ‘ஐ’ எழுத்துக்கள் அருகருகே நிற்பதுபோல் கோணலாக விழுந்திருக்கிறது. ஒரே அச்சில் மூன்று பிழை. அதே ஆண்டில் மற்றோர் அச்சில் சுழிக்கு மேலேயே ஒன்றை அடித்துப் பின்னத்தைத் திருத்த முயன்றிருக்கின்றனர். மாணவன் சிலேட்டில் அழித்து எழுதுவது போன்ற அந்தத் திருத்தமும் ஒரு தனிப் பேதமாயிற்று.

1804-ஆம் ஆண்டு அரை ஸெண்டில் வேறொரு விந்தை. அச்சின்மேல் ஏதோ இரும்புத் துண்டு விழுந்து வடுப்படுத்திவிட்டதனால், சுதந்திர தேவியின் மோவாயிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘முள் மோவாய்’ என்றே அதற்குப் பெயர். 1807-ஆம் ஆண்டு ஸெண்ட் ஒன்றில் தேவியின் தலைக்குப் பின்னால் அச்சு உடைந்த தழும்பு வால்மீனைப்போல் நீண்டிருக்கிறது. வானத்திலும் அவ்வாண்டு ஒரு பெரிய வால்மீன் தோன்றியது தற்செயல்தான். 1839-ஆம் ஆண்டு ஸெண்டுகளில் தேவியின் முகத்தை மாற்றி மாற்றிச் செதுக்கிப் பார்த்தனர். பிற்காலத்துச் சேகரிப்போர் அவற்றுள் இரண்டுக்கு ‘அசட்டுத் தலை’, ‘மடத் தலை’ என்று நாமகரணம் செய்துவிட்டனர்.

பின்னர் வந்த சிறிய ஸெண்டிலும் இவ்வேடிக்கைகள் உண்டு. 1859 முதல் 1909 வரை வெளிவந்ததை ‘இந்தியத் தலை’ ஸெண்ட் என்பர். அமெரிக்கப் பூர்வகுடியினரின் இறகுக் கிரீடத்தைத் தேவிக்குச் சூட்டியதால் வந்த பெயர். 1886-இல் அதன் உருவம் சிறிது மாற்றப்பட்டது. அவ்வாண்டுக் காசில் கிரீடத்தின் கடைசி இறகு ‘அமெரிக்கா’ என்ற சொல்லில் எந்த இரண்டு எழுத்துக்களின் நடுவே நோக்குகிறது என்று பார்த்தால் போதும். ‘ஐ’ எழுத்துக்கும் ‘ஸி’ எழுத்துக்கும் நடுவே என்றால் பழைய அச்சு, ‘ஸி’ எழுத்துக்கும் கடைசி ‘ஏ’ எழுத்துக்கும் நடுவே என்றால் புதியது. 1888-ஆம் ஆண்டுக் காசு சிலவற்றில் கடைசி எட்டின் அடியில் ஓர் ஏழு மறைந்து கிடக்கிறது. அதை ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டது 1970-இல். எண்பத்திரண்டு ஆண்டு பல்லாயிரம் கைகளில் அந்த ஏழு புரண்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

சேகரிப்போர் தோன்றிய கதை

பிலடெல்பியாவில் ஜோஸப் மிக்லி என்றோர் இளைஞர் இருந்தார். பியானோ, பிடில் முதலிய வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். தாம் பிறந்த 1799-ஆம் ஆண்டின் ஸெண்ட் ஒன்றைத் தேடத் தொடங்கினார். எளிதில் கிடைக்கும் என்று எண்ணினார்; கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் நாணய ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. பெரிய ஸெண்டுகளில் 1799 மிக அரியது என்பது பின்னர் எல்லோரும் அறிந்த செய்தியாயிற்று. 1867-இல் கள்வர் புகுந்து அவருடைய சேகரத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோயினர். எஞ்சியதை அவரே விற்றுவிட்டார்.

பொதுமக்களிடையே இவ்விருப்பம் பரவியது 1857-இல். அவ்வாண்டு பிப்ரவரி 21-ஆம் தேதிச் சட்டம் அரை ஸெண்டையும் பெரிய ஸெண்டையும் நிறுத்தியது. அந்நிய நாணயங்களின் சட்டபூர்வமான செலாவணியையும் ஒழித்தது. பறக்கும் கழுகு பொறித்த சிறிய ஸெண்ட் அவற்றின் இடத்துக்கு வந்தது. நேற்றுவரை கையில் புழங்கிய கனத்த செப்புக் காசு இனி வராது என்றதும் மக்களுக்கு அதன்மேல் திடீரென்று பாசம் பிறந்தது. இருக்கும்போது அருமை தெரியாது என்பது காசுக்கும் பொருந்தும் போலும். அடுத்த ஆண்டே, 1858-இல், நியூயார்க் நகரில் அமெரிக்க நாணயவியல் சங்கம் தோன்றியது.

1869-இல் பிலடெல்பியாவின் வைத்தியர் எட்வர்ட் மாரிஸ், 1794-ஆம் ஆண்டு ஸெண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சு அச்சாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். ‘இரட்டை மோவாய்’, ‘இனிய முகம்’, ‘தழும்புத் தலை’ என்று நோயாளிகளுக்குக் குறிப்பு எழுதுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டினார். நாணயசாலைக்கு ஓர் எழுத்தாகப் பொறிக்கும் குறிகளைக் கொண்டு சேகரிக்கும் முறையை 1893-இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்னும் ஓவியர் பரப்பினார். 1816 முதலான ஸெண்டுகளை 1944-இல் ஹோவர்ட் நியூகோம் வகைப்படுத்தினார். 1967-இல் செப்புக் காசுப் பிரியர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டனர். அரை ஸெண்டுக்கு 1971-இல் ரோஜர் கோஹன் நூல் செய்தார்.

கண்ணே மூலதனம்

இத்துறையின் சிறப்பு யாதெனில், இங்கே பணக்காரனைவிடப் படித்தவனுக்கே வெற்றி அதிகம். 1802, 1803 ஆண்டுகளின் தேய்ந்த ஸெண்டுகள் அவ்வளவு அரியன அல்ல. ஆனால் அவற்றிலும் பல பேதங்கள் உண்டு. சில எளியவை, சில கிடைத்தற்கரியவை. எது எதுவென்று அறிந்தவன் சாதாரண விலைக்கு அரிய பொருளைப் பெறுகிறான். அருமையை ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டு அளக்கின்றனர். எட்டு என்றால் உலகில் மூன்றுக்கு மேல் அறியப்படவில்லை என்று பொருள்.

1870-ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ சாலையில் அரை டைம் அடித்ததாகக் கணக்கே இல்லை. ஆனால் 1978-இல் அவ்வாண்டும் அச்சாலைக்குரிய ‘எஸ்’ குறியும் பொறித்த ஓர் அரை டைம் வெளிப்பட்டது. அதற்குத் துணை இன்றுவரை வேறொன்று கிடைக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் அதன் பின்பக்கத்தை ஒருவரும் கூர்ந்து நோக்கவில்லை என்றுதானே பொருள்?

போலிகளைப் பிடிக்கவும் இதே கண்தான் உதவுகிறது. 1804-ஆம் ஆண்டுப் பெரிய ஸெண்ட் அரியது. ஆகவே வேறோர் ஆண்டின் எண்ணைச் சுரண்டி நான்காக்கி விற்போர் உண்டு. ஆனால் மெய்யான 1804 ஸெண்டுகள் அனைத்தும் ஒரே அச்சு ஜோடியில் பிறந்தவை. அவற்றில் ஆண்டின் சுழிக்கு நேர் பின்னால் மறுபக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ‘ஓ’ எழுத்து நிற்கும். திருத்திய காசில் அது பிசகிவிடும். மின்சாரத்தால் செம்பு படியவைத்து இரண்டு ஓடுகளாகச் செய்து ஒட்டிய போலிகளும் உண்டு. விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், எடையும் ஒத்துவராது.

நம் இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பழஞ்செம்பைக் கண்டால் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நம் வழக்கம். குடத்துக்கு அது அழகு. காசுக்கு அது மரணம். நூறாண்டுகளாகப் படிந்த பழுப்பு நிறமே பழங்காசின் தோல். அதை உரித்துவிட்டால் அரிய காசும் பாதி விலைக்குக்கூடப் போகாது. விளிம்பைப் பிடித்து எடுப்பதும், விரல் ரேகை படியாமல் காகித உறையில் வைப்பதும் போதும்.

அறிவும் நேர்மையும்

இத்துறையில் வில்லியம் ஷெல்டனைவிடப் பெரிய பெயர் இல்லை. அவர் ஒரு மனோதத்துவ சாஸ்திரி. மனிதரை உடலமைப்பைக் கொண்டு மூவகையாகப் பிரித்தவர். 1949-இல் அவர் வெளியிட்ட நூல் 1793 முதல் 1814 வரையுள்ள ஸெண்டுகளை வரிசைப்படுத்தி 295 எண்களைத் தந்தது. இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் காசை அடையாளம் கூறுகின்றனர். காசின் நிலையை ஒன்று முதல் எழுபது வரை மதிப்பிடும் முறையும் அவர் வகுத்ததே. உலகெங்கும் நாணயங்களுக்கு இன்று மார்க்குப் போடும் அளவுகோல் அது.

அவர் 1977-இல் மறைந்தார். பிறகு சில ஆண்டுகளில் நியூயார்க் சங்கத்தாருக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஜார்ஜ் கிளாப் என்பார் அச்சங்கத்துக்கு நன்கொடையாக வழங்கிய உயர்ந்த ஸெண்டுகளின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பெட்டியில் இருந்த காசுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். எண் அதே, பேதம் அதே. காசு மட்டும் அதுவன்று! ஆராய்ச்சிக்கென்று வந்து அமர்ந்த ஷெல்டன், நல்ல காசை எடுத்துக்கொண்டு அதே பேதத்தில் தாழ்ந்த காசை அவ்விடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கு மேல். 1990-களில் கலிபோர்னியாவில் வழக்கு நடந்து, திருட்டுப் பொருள் சங்கத்துக்கே உரியது என்று முடிவாயிற்று.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் செய்த களவை அறியாதவன் செய்திருக்க முடியாது. எந்தக் காசுக்கு எது ஈடாக நிற்கும் என்பதை உலகில் எவரினும் நன்கு அறிந்தவர் அவர். அந்த அறிவே களவுக்குக் கருவியாயிற்று. அவரைப் பிடித்துக் கொடுத்ததும் அறிவுதான்; ஒவ்வொரு காசுக்கும் தனி முகம் உண்டு என்று அவரே உலகத்துக்குக் கற்பித்த பாடந்தான்.

சிறு அளவில் இச்சோதனை ஒவ்வொரு சேகரிப்பவனுக்கும் வருகிறது. விற்பவன் அறியாத அரிய பேதத்தைச் சாதாரண விலைக்கு வாங்கலாமா? அதையே தொழிலாகக் கொண்ட வியாபாரியிடம் வாங்கினால் குற்றமில்லை என்போம். அவனும் அதே நூல்களைப் படிக்கலாம், அதே கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். ஆனால் இறந்த கணவனின் பெட்டியைத் திறந்து வைத்து, ‘இது என்ன விலை போகும், நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்கும் பெண்ணிடம் வாய்மூடி வாங்கிவருவது வேறு. அங்கே அவள் விற்பது காசை மட்டும் அன்று. தன் நம்பிக்கையையும் சேர்த்தே கையில் தருகிறாள். அதற்குத் தக்க மறுமொழி சொல்லத் தெரியாதவன் எத்தனை பேதம் அறிந்தும் பயனில்லை.

2025 நவம்பரில் பிலடெல்பியா சாலை செலாவணிக்கான ஸெண்ட் அடிப்பதை நிறுத்தியது. 1793-இல் பிறந்த காசின் பரம்பரை 232 ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு ஓய்ந்தது. 1857-இல் நேர்ந்ததுபோல் இனி அமெரிக்க வீடுகளில் ஜாடிகளையும் டப்பாக்களையும் கவிழ்த்துத் தேடுவோர் பெருகக்கூடும். நம் வீடுகளிலும் பரணில், அஞ்சறைப் பெட்டியின் அடியில், பாட்டியின் சுருக்குப் பையில் காலணாவும் தம்படியும் கிடக்கலாம். அவற்றையும் அச்சில் வைத்து அடித்தவன் ஒரு மனிதன்தான். துலக்கிவிடாமல், விற்றுவிடாமல், பிள்ளைகளின் கையில் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.